பள்ளியில் சாரணர் படை நடத்தப் போகிறீர்களா? விசிலுக்கு முன்னால் பதிவேட்டை எடுங்கள்

ஜூன் மாத முதல் ஆசிரியர் கூட்டம். பொறுப்புகளைப் பிரித்துக்கொண்டே வந்த தலைமையாசிரியர் என் பெயரில் கொஞ்சம் நின்றார். "ஸ்கவுட் சார் மாறுதல்ல போயிட்டார். அதை நீங்க பார்த்துக்குங்களேன்" என்றார். நான் கணக்கு ஆசிரியர். சாரணர் என்றால் குடியரசு தினத்தன்று கழுத்தில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு வரிசையாக நிற்கும் பிள்ளைகள், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. கையில் ஒரு பீரோ சாவி வந்தது. திறந்து பார்த்தால் இரண்டு கொடி, எலி கடித்த கயிறு ஒரு கட்டு, ஆறு பக்கம் மட்டும் எழுதிய ஒரு நீளக் குறிப்பேடு.

முதல் வருடம் முழுக்க விசில் ஊதினேன். வரிசை கட்டினேன், முடிச்சு சொல்லிக் கொடுத்தேன், கத்தினேன். பதிவேட்டை அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டேன். மூன்றாம் வருடம் ராஜ்ய புரஸ்கார் என்ற மாநில விருதுத் தேர்வுக்கு ஒன்பது பிள்ளைகளின் விண்ணப்பத்தை அனுப்பினேன். ஐந்து திரும்பி வந்தன. பிள்ளைகள் பேரில் ஒரு குறையும் இல்லை, எல்லாம் நான் எழுதாமல் விட்டவை. பிள்ளைகள் செய்ய வேண்டிய வேலையை நான் செய்துகொண்டு, நான் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டிருக்கிறேன் என்பது அன்றுதான் புரிந்தது.

தமிழ்நாட்டில் பாரத சாரண சாரணியர் இயக்கத்தின் கீழ், அரசுப் பள்ளியிலோ உதவி பெறும் பள்ளியிலோ புதிதாகப் பொறுப்பேற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான சாரணர், சாரணியர் பற்றி மட்டும். தொடக்கப் பள்ளியின் குருளையர், நீலப்பறவையர் முறை வேறு.

1. பழைய கோப்பைத் தேடுங்கள்

புதிதாகப் பதிவு செய்யும் முன், உங்கள் பள்ளிப் படை ஏற்கெனவே பதிவானதா என்று பாருங்கள். அலுவலகத்தில் சாரணர் என்று எழுதிய கோப்பு ஒன்று எங்காவது கிடக்கும். அதில் சார்ட்டர் எனப்படும் பதிவுச் சான்றிதழ் இருந்தால் அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இடையில் சில வருடம் புதுப்பிக்காமல் விட்டிருந்தாலும் பரவாயில்லை, மாவட்டத்தில் கேட்டுப் புதுப்பித்துக்கொள்ளலாம். அவசரப்பட்டுப் புதிய எண் வாங்கிவிட்டால், பழைய எண்ணில் சான்றிதழ் பெற்ற மூத்த பிள்ளைகளின் அடுத்த விண்ணப்பத்தில் "இது எந்தப் படை?" என்ற கேள்வி வரும்.

மாவட்ட அமைப்பு கல்வித் துறையை ஒட்டியே நடக்கிறது. முதன்மைக் கல்வி அலுவலர் முதன்மை ஆணையர், மாவட்டக் கல்வி அலுவலர் மாவட்ட ஆணையர். ஆனால் உங்களுக்கு நாள்தோறும் வேண்டியவர் மாவட்டச் செயலர். அவர் பெரும்பாலும் இன்னொரு பள்ளியின் ஆசிரியராகத்தான் இருப்பார். காலை பதினொரு மணிக்குப் போன் செய்தால் வகுப்பில் இருப்பார். மாலை நாலரைக்கு மேல் பேசுங்கள். இது தெரியாமல் நான் இரண்டு முறை தற்செயல் விடுப்பு எடுத்துக்கொண்டு போய்ப் பூட்டிய அறையைப் பார்த்துவிட்டு வந்தேன்.

நேரில் போகும்போது தலைமையாசிரியரின் முகப்புக் கடிதம், பள்ளியின் அடையாள எண்ணான யூடைஸ் எண், பழைய சார்ட்டர் நகல், பிள்ளைகள் பட்டியல், உங்கள் அடையாள அட்டை நகல் எல்லாவற்றையும் இரண்டு பிரதியாக எடுத்துப் போங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் தேதியோடு பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கி வாருங்கள். பதிவுக் கட்டணம், உறுப்பினர் கட்டணம் இவற்றை அந்த வருடத்துக்கு என்ன என்று கேட்டே கட்டுங்கள். போன வருடத் தொகைக்கு வரைவோலை எடுத்துவிட்டு மறுபடி வங்கியில் நிற்காதீர்கள். ரசீது வாங்காமல் ஒரு ரூபாய் கூடக் கொடுக்க வேண்டாம்.

இயக்கத்தின் ஓ.ஒய்.எம்.எஸ். இணையதளத்தில் படையையும் உறுப்பினர்களையும் பதிய வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாள எண் வரும். இங்கே எல்லாரும் விழும் பள்ளம் ஒன்று: உங்கள் சொந்த மின்னஞ்சலையும் கைபேசி எண்ணையும் கொடுத்து உள்நுழைவு உருவாக்காதீர்கள். நீங்கள் மாறுதலில் போனதும் அடுத்தவர் கடவுச்சொல் கேட்டு உங்களைத் துரத்துவார். பள்ளியின் மின்னஞ்சலையே கொடுங்கள். இந்த வேலை முழுவதையும் காலாண்டுத் தேர்வுக்கு முன் முடித்துவிட வேண்டும். அதன் பிறகு மாவட்டத்தில் எல்லாப் பள்ளியும் ஒரே நேரத்தில் வந்து நிற்கும்.

ஒத்த பெயருள்ள வேறு சாரணர் அமைப்புகளும் பள்ளிகளை அணுகும். சேருமுன், பிள்ளைகளுக்குக் கிடைக்கப்போகும் சான்றிதழ் யாருடையது என்று பார்த்துக்கொள்ளுங்கள். சிறுவர், சிறுமியருக்கான இரண்டு உலக சாரணர் அமைப்புகளிலும் இந்தியாவின் சார்பில் உறுப்பினராக இருப்பது பாரத சாரண சாரணியர் இயக்கம்தான்.

2. முதலில் நீங்கள் பயிற்சிக்குப் போங்கள்

அடிப்படைப் பயிற்சி ஏழு நாள், தங்கிப் படிப்பது. சாரண ஆசிரியருக்கு ஒரு பிரிவு, சாரணிய ஆசிரியைக்கு இன்னொரு பிரிவு. "படையை ஆரம்பிச்சுட்டு மெதுவா போகலாம்" என்றுதான் எல்லாரும் சொல்வார்கள், நானும் சொன்னேன். போகாமல் நடத்திய ஒன்றரை வருடத்தில் நான் சொல்லிக் கொடுத்த வணக்கமே தப்பு என்பது பயிற்சியின் முதல் நாள் தெரிந்தது. ஊருக்குத் திரும்பி எல்லாப் பிள்ளைகளின் கைகளையும் திருத்த வேண்டியிருந்தது.

தலைமையாசிரியரிடம் பணிவிடுவிப்பு ஆணையும், முடிந்ததும் கலந்துகொண்டதற்கான சான்றும் கட்டாயம் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தச் சான்று இல்லாவிட்டால் ஏழு நாளும் உங்கள் விடுப்புக் கணக்கில் போய்ச் சேரும். கையில் சீருடை, தட்டு, டம்ளர், டார்ச், போர்வை, மூன்று மீட்டர் பருத்திக் கயிறு இருக்கட்டும். முட்டி வலி உள்ளவர்கள் தைலமும் கொண்டு போகலாம். நான் கொண்டு போகவில்லை.

பயிற்சி முடிந்ததும் நியமனச் சான்றுக்கு விண்ணப்பியுங்கள். வாரண்ட் என்றால்தான் மாவட்டத்தில் புரியும். பயிற்சிச் சான்றிதழ் வந்துவிட்டது, அது போதும் என்று இருந்துவிடுகிறவர்கள் அதிகம். பயிற்சி வேறு, நியமனம் வேறு. பிள்ளைகளின் விண்ணப்பத்தில் கையெழுத்துக்குக் கீழே உங்கள் வாரண்ட் எண் கேட்கும்போதுதான் அந்த வேறுபாடு உறைக்கும். பிறகு உயர்நிலைப் பயிற்சி, அதற்கும் மேல் ஹிமாலயா வுட் பேட்ஜ் என்று படி உண்டு. முதல் இரண்டு வருடம் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

விதிகளுக்கு ஏ.பி.ஆர்.ஓ. என்ற புத்தகம் இருக்கிறது. சாரணர் பிரிவுக்கு இரண்டாம் பாகம், சாரணியர் பிரிவுக்கு மூன்றாம் பாகம். ஒரு பிரதி வாங்கி பீரோவில் வையுங்கள். "அப்படித்தான் வழக்கம்" என்று யார் சொன்னாலும் அதைத் திறந்து பார்க்கலாம்.

3. முப்பத்திரண்டுக்கு மேல் சேர்க்காதீர்கள்

ஓர் அணியில் ஆறு முதல் எட்டுப் பேர், ஒரு படையில் நான்கு அணி வரை. ஆக, உச்சம் 32. விளம்பரம் செய்த மறுநாள் அறுபது பேர் வந்து நிற்பார்கள். சீருடை போடலாம், முகாம் போகலாம், ஏழாவது பீரியட் தப்பிக்கலாம். என் முதல் வருடப் பட்டியலில் 61 பெயர். டிசம்பரில் மிஞ்சியது 19.

ஆறாம், ஏழாம் வகுப்பிலிருந்தே பெரும்பகுதியை எடுங்கள். பிரவேஷ், பிரதம் சோபான், துவிதிய சோபான், திரிதிய சோபான், ராஜ்ய புரஸ்கார் என்று படிப்படியாக ஏற வேண்டும். படிக்குப் படி குறைந்தபட்ச மாத இடைவெளி உண்டு. ஒன்பதாம் வகுப்பில் சேர்கிற பிள்ளைக்கு ஆசை எவ்வளவு இருந்தாலும் காலம் போதாது. அதைச் சேர்க்கும் அன்றே சொல்லிவிடுவதுதான் நியாயம்.

இன்னொரு சிக்கல், ஒரே பிள்ளை ஜே.ஆர்.சி. எனும் இளஞ்செஞ்சிலுவைச் சங்கத்திலும் இருக்கும், என்.சி.சி.யிலும் பெயர் கொடுத்திருக்கும். சுறுசுறுப்பான பிள்ளையை எல்லா ஆசிரியரும் பிடித்துப் போடுவோம் இல்லையா? முகாம் தேதி மோதும்போது அழுவது அந்தப் பிள்ளைதான். ஜூலையிலேயே மற்ற பொறுப்பாசிரியர்களோடு ஒரு டீ குடித்துப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

பெண் பிள்ளைகளுக்குத் தனிப் பிரிவு, அதற்குப் பெண் ஆசிரியர்தான் பொறுப்பு. "இப்போதைக்கு நீங்களே சேர்த்துப் பாருங்க சார்" என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

4. அணித்தலைவர்கள்

இதுதான் நான் தலைகீழாகச் செய்த இடம். நன்றாகப் படிக்கிற நான்கு பேரைக் கூப்பிட்டு அணித்தலைவர் பேட்ஜ் குத்திவிட்டேன். அவர்களும் வகுப்புத் தலைவன் மாதிரி, பேசியவன் பெயரைச் சீட்டில் எழுதிக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

இரண்டாம் வருடம் முறையை மாற்றினேன். ஒரு மாதம் யாருக்கும் பேட்ஜ் கிடையாது. ஒவ்வொரு வாரமும் ஒருவர் அணியை நடத்தட்டும், மாதக் கடைசியில் அணியே சொல்லட்டும் என்று விட்டேன். மூன்றாவது அணி, எட்டாம் வகுப்பில் கணக்கில் 22 மதிப்பெண் வாங்கிய ஒரு பையனைச் சொன்னது. எனக்கு ஒப்பவில்லை. ஆனாலும் விட்டேன். அவன் அப்பா செங்கல் சூளையில் வேலை. அடுப்பு மூட்டுவது, சுமை கட்டுவது, சின்னவனைத் தோளில் தூக்கிப் போவது எல்லாம் அவனுக்குக் கைவந்தவை. ஒரு நாள் கிளவ் ஹிட்ச் முடிச்சு வராமல் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தான். இவன் அவனைத் திட்டவில்லை. தன் இரண்டு கையையும் அவன் கைக்கு மேல் வைத்து, கயிற்றைச் சேர்த்துப் பிடித்து, "இப்படிப் போய், இப்படி ஏறி, அடியில நுழையணும். ஆடு கட்டுறதுதாண்டா இது" என்றான். எனக்கு அதை ஆடு கட்டுவதாகப் பார்க்கத் தோன்றியதே இல்லை.

வாரத்தில் பத்து நிமிடம் அணித்தலைவர்களை மட்டும் உட்கார வையுங்கள். கோர்ட் ஆஃப் ஹானர் என்று பெரிய பெயர், நடப்பது வேப்பமரத்தடியில். அடுத்த வாரம் என்ன, யார் வரவில்லை, ஏன் வரவில்லை, கயிறு யாரிடம். தீர்மானத்தை எழுதுவது அவர்களில் ஒருவர். நீங்கள் கேட்டால் மட்டும் பேசுங்கள். முதல் மாதம் வாயை மூடிக்கொண்டிருப்பது கொடுமையாக இருக்கும். வெற்றிலை பாக்கு போடும் பழக்கம் இருந்தால் நல்லது.

5. பதிவேடு

நீங்கள் மட்டுமே செய்ய வேண்டிய வேலை இது. பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். வருகைப் பதிவேடு, இருப்புப் பதிவேடு, ரொக்கப் பதிவேடு இவற்றைப் பற்றி ஆசிரியர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. முன்னேற்றப் பதிவேடு பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன். ஐந்து விண்ணப்பங்கள் திரும்பி வந்தது அதனால்தான்.

ஒரு நீளக் குறிப்பேட்டில் ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மேலே பெயர், பிறந்த தேதி, கல்வித் துறையின் மாணவர் தகவல் தளமான எமிஸில் உள்ள எண், சாரணர் அடையாள எண். கீழே ஒவ்வொரு படிக்கும் தொடங்கிய தேதி, ஒவ்வொரு பாடமாகத் தேர்வு முடித்த தேதி, சோதித்தவர் கையெழுத்து, சான்றிதழ் எண், சான்றிதழ் தேதி.

திரும்பி வந்த ஐந்தில் இரண்டுக்குப் பெயர் தகராறு. ஒரு பையனுக்குத் திரிதிய சோபான் சான்றிதழில் இனிஷியல் முன்னால், விண்ணப்பத்தில் பின்னால். இன்னொரு பிள்ளைக்கு ஆங்கிலத்தில் ஓர் எழுத்து கூடுதல். நமக்கு இது ஒன்றுமில்லை. ஆனால் நாளைக்கு ரயில்வேயின் சாரணர் ஒதுக்கீட்டிலோ கல்லூரிச் சேர்க்கையிலோ அந்தச் சான்றிதழை நீட்டும்போது மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு அது வேறு ஆள். எனவே சேரும் அன்றே எமிஸில் உள்ள பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதி, பெற்றோரிடம் கையெழுத்து வாங்குங்கள். எமிஸிலேயே தப்பு இருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள். பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியல் போகும் முன் திருத்தினால் பிள்ளைக்கு அதுவும் லாபம்.

அடுத்த இரண்டுக்குத் தேதி. ஒரு படி முடிந்து அடுத்த படிக்கு இத்தனை மாதம் ஆகியிருக்க வேண்டும் என்று விதி. நான் தேதி எழுதி வைக்கவில்லை. விண்ணப்பம் நிரப்பும்போது, "சின்னம் சூட்டு விழா ஆண்டு விழாவுக்கு முந்தின வாரம்தானே" என்று நினைவிலிருந்து போட்டேன். இரண்டு படியும் ஒரே மாதத்தில் வந்து நின்றது. உண்மையில் நடுவில் எட்டு மாதம் ஓடியிருந்தது. ஆனால் காகிதத்தில் இல்லையே! நினைவிலிருந்து ஒரு தேதி கூடப் போடாதீர்கள். இடைவெளிக் கணக்கை மாவட்டப் பயிற்சி ஆணையரிடம் கேட்டு, பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

ஐந்தாவதுக்குச் சான்றிதழ் எண் இல்லை. சான்றிதழை நகல் எடுக்காமல் பிள்ளையிடம் கொடுத்துவிட்டேன். அந்த வருட மழையில் அவர்கள் வீட்டுக் கூரை ஒழுகியது. இப்போதெல்லாம் எந்தச் சான்றிதழ் வந்தாலும் முதலில் கைபேசியில் படம், அப்புறம் நகல், அப்புறம்தான் கைதட்டல்.

பிள்ளைகள் தாங்கள் செய்ததைக் குறித்து எழுதும் லாக் புத்தகம் இதிலிருந்து வேறு. அது அவர்கள் கையெழுத்தில், அவர்கள் படம் வரைந்து, அசிங்கமாக இருந்தாலும் அவர்களுடையதாகவே இருக்க வேண்டும். கடைசி வாரம் உட்கார்ந்து முப்பது புத்தகத்திலும் ஒரே வாக்கியத்தைச் சொல்லி எழுத வைத்தால் தேர்வாளர் இரண்டாவது புத்தகத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்.

6. சீருடையும் பணமும்

அரசு தரும் விலையில்லாச் சீருடையில் சாரணர் உடை வராது. சாரணருக்குச் சாம்பல் நிறச் சட்டையும் கருநீலக் கால்சட்டையும், சாரணியருக்கு வெளிர்நீலம். கூடவே தொப்பி, பெல்ட், ஸ்கார்ஃப், அதைச் செருகும் வளையமான வாகிள், பேட்ஜ். சென்ற வருடம் எங்களுக்கு ஒரு பிள்ளைக்குத் துணி, தையல் உட்பட ஏறக்குறைய 1,300 ரூபாய் ஆனது. பல வீடுகளில் அது நான்கு நாள் கூலி.

சேர்ந்தவுடனே சீருடை வாங்கச் சொல்லாதீர்கள். பிரவேஷ் முடிக்கும்வரை பள்ளிச் சீருடையே போதும். அதற்குள் யார் நிற்பார், யார் போவார் என்று தெரிந்துவிடும். துணியை மொத்தமாக ஒரே கட்டாக எடுத்து ஒரே தையல்காரரிடம் கொடுங்கள். தனித்தனியாக வாங்கினால் சாம்பலில் ஏழு வகை வரும். ஸ்கார்ஃப் நிறத்தை மாவட்டத்தில் கேட்காமல் வெட்டிவிடாதீர்கள். சில நிறங்களைப் படைகள் எடுக்கக் கூடாது. பத்தாம் வகுப்பு முடிப்பவர்களிடம் தொப்பி, பெல்ட் இரண்டையும் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். இப்போது பீரோவில் பதினான்கு செட் இருக்கிறது. வாங்க முடியாத பிள்ளைக்கு யாருக்கும் தெரியாமல் கொடுக்கலாம்.

பணத்தைச் சட்டைப் பையில் வாங்கிப் பையிலிருந்தே செலவு செய்யாதீர்கள். தலைமையாசிரியரும் நீங்களும் சேர்ந்து இயக்கும் கணக்கு ஒன்று வேண்டும். நவம்பர் 7 கொடி நாளில் வில்லைகள் விற்று வரும் தொகைக்கு எத்தனை வில்லை வந்தது, எத்தனை விற்றது, மீதி எத்தனை என்று அன்று மாலையே எழுதி எண்ணிக் கட்டிவிடுங்கள். ஒரு வாரம் மேஜை டிராயரில் இருந்த பணத்துக்குக் கணக்கு எப்போதும் பத்து ரூபாய் இடிக்கும்.

7. வாரக் கூட்டம்

வெள்ளிக்கிழமை கடைசி பீரியடும் அதன் பின் அரை மணியும் எங்களுக்கு. கொடி, வழிபாடு ஐந்து நிமிடம். நகம், சீருடை பார்ப்பது அணித்தலைவர். ஒரு விளையாட்டு. பிறகு அணி அணியாகப் பிரிந்து அரை மணி பாடம். கடைசியில் குதிரை லாட வடிவில் நின்று அறிவிப்பு, கொடி இறக்கம். அவ்வளவுதான்.

பேச்சைக் குறையுங்கள். சாரணச் சட்டம் ஒன்பதையும் ஒப்பிக்க வைத்து ஒரு மாதம் ஓட்டினால் பிள்ளைகள் கழன்றுகொள்வார்கள். பேருந்து வசதி குறைந்த ஊர்ப் பிள்ளைகள் இருந்தால் கூட்டத்தை அந்தக் கடைசிப் பேருந்துக்குக் கால் மணி முன்னால் முடித்தாக வேண்டும். எங்களுக்கு அது 5.10 பேருந்து. அதைத் தவறவிட்ட ஒரு நாள் மூன்று பிள்ளைகளை நான் இரண்டு நடையாக வண்டியில் கொண்டுபோய் விட்டேன். அப்படி விடுவதும் சரியில்லை என்று பிறகுதான் யோசித்தேன். தனியாக ஒரு பிள்ளையை வண்டியில் ஏற்றுவதை விட்டுவிட்டேன்.

8. கொடி

மடித்துக் கட்டி மேலே ஏற்றிய கொடி, கயிற்றை ஒரு சுண்டு சுண்டினால் விரிந்து பூ கொட்ட வேண்டும். அதிகாரி ஒருவர் வந்த அன்று எங்கள் கொடி விரியவில்லை. இழுக்க இழுக்க இறுகியது. உருவு முடிச்சுக்குப் பதிலாக நல்ல முடிச்சாகவே போட்டிருந்தோம். கடைசியில் அப்படியே இறக்கி, அவிழ்த்து, மறுபடி ஏற்றினோம். சாமந்தி இதழெல்லாம் என் தலையில். விழா அன்று காலை ஏழு மணிக்கே ஒரு முறை ஏற்றிச் சுண்டிப் பாருங்கள். சுண்டுகிற பிள்ளையேதான் கட்டவும் வேண்டும்.

9. முகாம்

முதல் வருடம் இரவு முகாம் வேண்டாம். பள்ளி வளாகத்திலேயே ஒரு பகல், ஒரு வேளைச் சமையல், அதுவே போதும். இரண்டாம் வருடம் பொங்கல் விடுமுறைக்குப் பின் இரண்டு இரவு போடலாம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழை, பிப்ரவரிக்கு மேல் தேர்வு. ஆக ஜனவரியின் பிற்பாதிதான் நமக்கு.

ஆறு வாரம் முன்னதாக அனுமதிக் கடிதம் எழுதத் தொடங்குங்கள். தலைமையாசிரியர், கல்வி அலுவலர், இடத்துக்குச் சொந்தக்காரர், பக்கத்துக் காவல் நிலையத்துக்குத் தகவல். காட்டுப் பகுதியென்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது. பெற்றோர் ஒப்புதல் படிவம் தமிழில், ஒரே பக்கத்தில் இருக்கட்டும். இடம், தேதி, கிளம்பும் நேரம், திரும்பும் நேரம், உடன் வரும் ஆசிரியர்கள் பெயர், போன் எண், பிள்ளைக்கு இருக்கும் நோய், சாப்பிடும் மாத்திரை, ஒவ்வாமை. எங்கள் பெற்றோர் கூட்டத்தில் ஒரு அம்மா எழுந்து கேட்டார்: "ராத்திரி பொம்பளப் புள்ளைங்க கூட எந்த டீச்சர் படுப்பாங்க சார்?" நான் எழுதிய இரண்டு பக்கக் கடிதத்தில் அதற்குப் பதில் இல்லை. இப்போது முதல் வரியே அதுதான்.

பாதுகாப்பில் எங்கள் விதிகள் கறாரானவை. எந்த நேரத்திலும் பெரியவர் இரண்டு பேராவது இருக்க வேண்டும். ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் மூடிய அறையிலோ கூடாரத்திலோ தனியாக இருக்கக் கூடாது. பெண் பிள்ளைகள் இருந்தால் இரண்டு ஆசிரியைகள். சிறார் உதவி எண் 1098, ஆம்புலன்ஸ் 108 இரண்டையும் பிள்ளைகளுக்கே மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும். கிணறு, குளம், ஆறு, கல்குவாரிக் குட்டை பக்கம் குளிக்கப் போவது அறவே இல்லை. "நீச்சல் தெரியும் சார்" என்பவனைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

சாப்பாட்டுக்கு ஒரு கணக்கு. நடந்து களைத்த பிள்ளைக்கு வேளைக்கு 150 கிராம் அரிசி வேண்டும். ஏழு பேர் அணிக்கு ஒரு கிலோவும் ஒரு கைப்பிடியும். சாம்பாருக்குக் கால் கிலோ துவரம்பருப்பு. அணி அணியாகப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிடுங்கள். பொது மூட்டையிலிருந்து எடுக்கச் சொன்னால் முதல் இரவே சர்க்கரை தீரும். விறகை முந்தின வாரமே வாங்கிக் காய வைக்க வேண்டும். பிள்ளைகளை வெட்டி வரச் சொல்லாதீர்கள். 28 பேருக்கு இரண்டு இரவு, ஆறு வேளை, வாகனம் உட்படச் சென்ற முறை தலைக்கு 350 ரூபாய் ஆனது. அதற்குக் குறைத்தால் காய்கறியில்தான் கை வைக்க வேண்டி வரும்.

எங்கள் முகாமில், எதிர்பாராமல் பெய்த மழை ஈரத்திலும், செங்கல் சூளைப் பையனின் அணிதான் முதலில் அடுப்பை மூட்டியது. மற்ற மூன்று அணியும் அவனிடம் நெருப்பு வாங்க வந்து நின்றன. சாதம் மட்டும் குழைந்துவிட்டது.

10. விருதுத் தேர்வுகளுக்கு அனுப்பும்போது

திரிதிய சோபான் முகாம் மாவட்ட அளவில் நடக்கும். சுற்றறிக்கை வந்தபின் பத்து நாள்கூட இருக்காது, பல நேரம் வாட்ஸ்அப்பில்தான் வரும். எனவே ஜூலையிலேயே அந்த வருடம் யார் யார் தகுதி பெறுவார் என்று பட்டியல் போட்டு, புகைப்படம், பிறப்புச் சான்று நகல், முந்தைய சான்றிதழ் நகல், பெற்றோர் ஒப்புதல் எல்லாவற்றையும் பிள்ளைக்கு ஒரு உறையில் தயாராக வைத்துவிடுங்கள். ராஜ்ய புரஸ்காருக்கு அனுப்புமுன் திறன் பேட்ஜ்களின் எண்ணிக்கையும் சோதித்தவர் கையெழுத்தும் சரியா என்று உங்களைத் தவிர இன்னொருவர் பார்க்கட்டும். நான் எங்கள் தமிழாசிரியையிடம் கொடுப்பேன். அவர் கண்ணுக்கு ஒற்றுப்பிழையே தப்பாது, தேதியா தப்பும்?

விருது கிடைத்தால் வேலை நிச்சயம் என்று பெற்றோரிடம் சொல்லாதீர்கள். ஒதுக்கீடு இருப்பது உண்மை, அதற்கும் தேர்வும் போட்டியும் உண்டு என்று சேர்த்தே சொல்லுங்கள்.

11. மாறுதல் வந்தால்

அரசுப் பணியில் இது வரத்தான் போகிறது. சார்ட்டர், கட்டண ரசீதுகள், முன்னேற்றப் பதிவேடு, வங்கிப் புத்தகம், இணையதளக் கடவுச்சொல் எழுதி ஒட்டிய உறை, இருப்புப் பட்டியல் ஆறையும் ஒரே கோப்பில் வைத்து, தலைமையாசிரியர் முன்னிலையில் கையெழுத்து வாங்கி ஒப்படையுங்கள். அடுத்த பொறுப்பாசிரியர் யாரென்று அன்றைக்குத் தெரியாவிட்டால் தலைமையாசிரியரிடமே ஒப்படைக்கலாம். பீரோ சாவி ஒன்று அலுவலகத்தில் இருக்கட்டும். கயிற்றைச் சுருட்டி ஒரு மூடி போட்ட டப்பாவில் வையுங்கள், எலிக்கு எட்டாது.